பின்வரிசையை மறவாத நடிகை



எனக்கு ஐம்பத்தெட்டு வயது நிறைவுற்ற அன்று, நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் மாலை சூட்டி, பொன்னாடை போர்த்தி, ஒரு கைக்கடிகாரமும் அளித்து என்னை வழியனுப்பினார்கள். பேசியவர் அனைவரும், 'இனி நன்றாக ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்' என்றே வாழ்த்தினர். அவ்வாழ்த்தில் அன்பு நிறைந்திருந்தது. ஆயினும், 'உம்முடைய வேலை முடிந்தது' என்ற பொருளும் அதனுள் மறைந்திருந்ததை என் மனம் உணராமல் இல்லை. அதே ஐம்பத்தெட்டாம் வயதில், உலகம் தம் கணக்கை முடித்து ஏட்டை மூடிவிட்ட பிறகு, வாழ்வின் மிகச் சிறந்த பகுதியைத் தொடங்கிய ஓர் அம்மையாரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் கனடா நாட்டில் பிறந்தவர். அமெரிக்க நாடக மேடையிலும் திரைப்படத்திலும் பெரும்புகழ் பெற்றவர். மேரி டிரெஸ்லர் என்பது அவர் பெயர்.

ஒரு நடிகையின் வாழ்க்கையில் மாணவர்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணலாம். மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் மட்டுமே வரலாறு ஆகா. கூலிக்கு உழைத்த மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், தம் உரிமையை எவ்வாறு பெற்றனர் என்பதும் வரலாறே. டிரெஸ்லர் அம்மையாரின் வாழ்க்கையைப் படிப்போர் ஒரு நடிகையின் கதையோடு, ஒரு தொழிலின் கதையையும் சேர்த்தே படிக்கின்றனர்.

கனடா ஒரு கூட்டாட்சி நாடாக உருவானது 1867ஆம் ஆண்டு. அதற்கு அடுத்த ஆண்டு, 1868 நவம்பர் 9ஆம் நாள், ஒண்டாரியோ ஏரிக் கரையில் உள்ள கோபர்க் என்னும் சிற்றூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. லெய்லா மேரி கெர்பர் என்று அதற்குப் பெயரிட்டனர். தந்தை ஜெர்மன் நாட்டிலிருந்து வந்தவர், முன்னாள் படை அதிகாரி, இசை ஆசிரியர். கண்டிப்பும் முன்கோபமும் மிக்கவர். ஓர் ஊரில் நிலைத்து நில்லாத இயல்பினர் ஆதலால், குடும்பம் ஊர் விட்டு ஊர் மாறிக்கொண்டே இருந்தது. தாயாரோ பொறுமையே உருவானவர். அவரும் இசை அறிந்தவர். செல்லும் ஊரிலெல்லாம் சிறு சிறு நாடகங்களை அமைத்து நடத்துவார். அத்தகைய நாடகம் ஒன்றில்தான் ஐந்து வயதுச் சிறுமியாகிய மேரி முதன்முதலில் மேடை ஏறினாள். அன்றே அவையினர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மேரி அழகிய குழந்தை அல்லள். பருத்த உடல், பெரிய கைகால்கள், சதைப்பற்றுள்ள முகம். உடன் பயின்ற சிறுவர் சிறுமியர் கேலி செய்தனர். பிறர் தன்னைப் பார்த்து நகைப்பது உறுதி என்று அறிந்த குழந்தைக்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, மூலையில் ஒதுங்கி அழுவது. மற்றொன்று, அந்த நகைப்பைத் தானே முன்வந்து ஆளக் கற்பது. மேரி இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டாள். எப்போது சிரிக்க வைப்பது, எப்போது அச்சிரிப்பை நிறுத்துவது என்னும் நுட்பத்தை இளமையிலேயே பழகினாள். பிற்காலத்தில் 1924ஆம் ஆண்டு வெளியிட்ட தம் வரலாற்று நூலுக்கு, 'அழகற்ற வாத்துக்குஞ்சின் வாழ்க்கைக் கதை' என்னும் பொருள்படவே அவர் தலைப்பிட்டார்.

பதினான்காம் வயதில், நெவாடா நாடகக் குழு என்ற ஊர்சுற்றும் குழுவில் சேர்ந்து வீட்டை விட்டு வெளியேறினார். குடும்பப் பெயரை மேடையில் வழங்கத் தந்தை இசையவில்லை. எனவே, உறவினர் ஒருவரின் பெயரைத் தமதாக்கிக்கொண்டு மேரி டிரெஸ்லர் ஆனார். அக்குழுவில் ஒரு மணி நேர அறிவிப்பில் நாடகம் மாறும். புதிய வேடத்தின் வசனத்தை உடனே மனப்பாடம் செய்தாக வேண்டும். பள்ளிப் படிப்பை இழந்த அச்சிறுமிக்கு அக்குழுவே பள்ளிக்கூடம் ஆயிற்று. பின்னர் ஓர் இசை நாடகக் குழுவில் வாரம் 8 டாலர் கூலிக்குப் பின்னணியில் நிற்கும் பெண்களுள் ஒருவராகச் சேர்ந்தார். 

நாயகனும் நாயகியும் மேடையின் முன்னே நின்று நடிக்க, பின்வரிசையில் நின்று ஒன்றுசேர்ந்து பாடியும் ஆடியும் அவர்களுக்குத் துணைசெய்யும் குழுவுக்கு மேலைநாட்டு இசை நாடகங்களில் கோரஸ் என்று பெயர். பார்ப்போர் கண்ணுக்கு அக்குழு ஒரு வண்ணத் திரை போன்றது. அதில் நிற்பவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை. மேரி டிரெஸ்லர் தம் தொழிலை அந்தப் பின்வரிசையில் நின்றே கற்றார். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வரலாற்றின் திருப்பத்திற்கு இதுவே காரணம்.

1892ஆம் ஆண்டு அவர் நியூயார்க் நகரின் பிராட்வே மேடையில் தோன்றினார். முதல் நாடகம் சில வாரங்களே ஓடிற்று. அந்நாடகத்தை எழுதிய மாரிஸ் பாரிமோர் என்னும் புகழ்பெற்ற நடிகர், 'நகைச்சுவையே உமக்குரிய துறை' என்று அறிவுறுத்தியதாக அம்மையார் நினைவுகூர்ந்துள்ளார். சோக நாடகங்களில் நடித்துப் பெயரெடுக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஆயினும் மூத்தவர் சொல்லை ஏற்றார். 1896இல் 'தி லேடி ஸ்லேவி' என்ற இசை நாடகம் அவரை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது. பிறகு பத்தாண்டுகளுக்கு மேலாகப் பல்சுவை மேடைகளில் அவர் பெயர் விளங்கிற்று. இலண்டன் சென்று முதலில் வெற்றி பெற்றார். பின்னர் 1909இல் சொந்தப் பொறுப்பில் அங்கே ஒரு நாடகத்தை நடத்திப் பெரும்பொருள் இழந்து திரும்பினார். மறு ஆண்டே, 1910இல், 'டில்லீஸ் நைட்மேர்' என்ற நாடகம் அவரைத் தூக்கி நிறுத்தியது. தங்கும் விடுதி ஒன்றில் ஓயாது வேலை செய்யும் ஓர் ஏழைப் பெண், தான் காணும் கனவுகளில் சீமாட்டியாக உலவுவதே கதை. நாடெங்கும் அந்நாடகத்தைக் காண மக்கள் திரண்டனர்.

அந்தப் புகழே அவரைத் திரைப்படத்திற்கு அழைத்துச் சென்றது. 1914இல் மாக் சென்னட் என்பார் 'டில்லீஸ் பங்க்சர்டு ரொமான்ஸ்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். சென்னட்டும் கனடாவில் பிறந்தவரே. அக்காலத்து நகைச்சுவைப் படங்கள் ஒன்றிரண்டு சுருள்களில் முடிந்துவிடும். இதுவோ ஆறு சுருள்கள் கொண்டது. முழுநீள நகைச்சுவைப் படங்களுள் இதுவே முதலாவது என்பர். அதில் கதைத் தலைவி நாற்பத்தைந்து வயது டிரெஸ்லர். துணை நடிகராக வந்த ஆங்கிலேய இளைஞர் திரைக்கு வந்து ஓராண்டு கூட ஆகாதவர். அவர் பெயர் சார்லி சாப்ளின்!

நேயர்களே, இனி இவ்வரலாற்றின் நடுப்பகுதிக்கு வருவோம். 1919ஆம் ஆண்டு நியூயார்க் நாடக அரங்குகளின் நிலைமை என்ன? ஒத்திகை வாரக்கணக்கில் நடக்கும். அதற்குக் கூலி கிடையாது. நாடகம் இரண்டு நாளில் நின்றுபோனால், அவ்வளவு உழைப்பும் வீண். முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீக்கலாம். விடுமுறை நாட்களில் கூடுதலாக ஆட்டங்கள் வைக்கலாம். அவற்றிற்கும் தனிக் கூலி இல்லை. புகழ்பெற்ற நடிகர்கள் பேசி வாதாடித் தமக்கு வேண்டியதைப் பெற்றுவிடுவர். பின்வரிசைப் பெண்களோ, ஆடும் காலணிகளையும் காலுறைகளையும் கூடத் தம் சொற்பக் கூலியிலிருந்தே வாங்கும் நிலையில் இருந்தனர்.

1913இல் தோன்றிய ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்னும் நடிகர் சங்கம் ஆறு ஆண்டுகள் பேசிப் பார்த்தது, பயன் இல்லை. 1919 ஆகஸ்டு 7ஆம் நாள் மாலை, பிராட்வேயின் நாடக அரங்குகள் பலவற்றில் திரை எழவில்லை. நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டனர். சில நாட்களில், பின்வரிசைப் பெண்களும் ஆண்களும் தமக்கெனக் கோரஸ் ஈக்விட்டி என்ற சங்கத்தை அமைத்தனர். அதன் முதல் தலைவராக அவர்கள் தேர்ந்தெடுத்தவர் மேரி டிரெஸ்லர்.

அவருக்கு அப்போது வயது ஐம்பது. பெயரும் பொருளும் ஈட்டியவர். முந்தைய ஆண்டில்தான் மேரி பிக்ஃபோர்டு, சாப்ளின், டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, முதல் உலகப்போருக்கான கடன் பத்திரங்களை விற்க ஊர் ஊராகச் சென்று, மக்களின் நன்மதிப்பைப் பெற்றிருந்தார். வேலைநிறுத்தத்தில் ஒதுங்கி நின்றிருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும், வாரம் 8 டாலர் கூலிக்கு நின்ற இடத்தை அவர் மறக்கவில்லை. தாம் ஏறி வந்த ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவர்களுக்காக, மேற்படியிலிருந்து இறங்கி வந்தார்.

வேலைநிறுத்தம் ஒரு மாதம் நீடித்தது. பிற நகரங்களுக்கும் பரவிற்று. மேடைக்குப் பின்னே காட்சிகளை அமைக்கும் தொழிலாளரும் இசைக் கலைஞரும் துணைநின்றனர். செப்டம்பர் 6ஆம் நாள் முதலாளிகள் இணங்கி, சங்கத்தை ஏற்று, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். வாரத்திற்கு இத்தனை ஆட்டங்கள் என்ற வரம்பும், அதற்கு மேற்பட்ட ஆட்டங்களுக்குத் தனிக் கூலியும் கிடைத்தன. பெயரற்றவர்களாக நின்ற பின்வரிசையினர், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இடம் பெற்றவர்கள் ஆயினர்.

இந்த வெற்றிக்கு அம்மையார் கொடுத்த விலை சிறிதன்று. முதலாளிகள் அவரை எளிதில் மன்னிக்கவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கருதுவர். அதனோடு காலமும் மாறிற்று. போருக்குப் பிந்திய தலைமுறை இளமையையும் புதுமையையும் நாடிற்று. பருத்த உடலும் ஐம்பது வயதும் கொண்ட நகைச்சுவை நடிகையை அது நாடவில்லை. 1921இல் நெடுநாள் துணைவராகிய ஜேம்ஸ் டால்டன் மறைந்தார். மேடை வாய்ப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. நாடு முழுவதும் அறிந்த பெயருக்கு நியூயார்க்கில் வேலை இல்லை. வீடுகளை விற்கும் தரகுத் தொழிலைக் கூட முயன்று பார்த்தார் என்பர். ஆண்டுகள் ஓடின, அம்மையாருக்கு வயது ஐம்பத்தெட்டு ஆயிற்று.

இங்கே நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1911ஆம் ஆண்டில், டிரெஸ்லர் புகழின் உச்சியில் இருந்தபோது, சான் பிரான்சிஸ்கோ நகரில் ஓர் இளம்பெண் அவரைக் காண வந்தாள். நாளிதழ் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பெரிய நடிகையைச் சந்தித்துச் செய்தி கொண்டுவர வேண்டும் என்பது அவளுக்கு இட்ட பணி. அனுபவமற்ற அப்பெண்ணை டிரெஸ்லர் விரட்டவில்லை; அன்பு காட்டி, வேண்டியதைச் சொல்லி அனுப்பினார். பெரியவர்கள் ஒரு நாளில் செய்து மறுநாளே மறந்துவிடும் சிறு உதவி அது. பெற்றவள் மறக்கவில்லை. அப்பெண்ணின் பெயர் பிரான்சிஸ் மாரியன். பின்னாளில் அவர் ஹாலிவுட்டின் மிகச் சிறந்த திரைக்கதை ஆசிரியர்களுள் ஒருவராக உயர்ந்து, மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தில் செல்வாக்குடன் விளங்கினார்.

அம்மையாரின் வறுமையை அறிந்த மாரியன், அவருக்கென்றே ஒரு கதையைத் திரைக்கு அமைத்து, அந்நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க்கிடம் வாதாடி வாய்ப்புப் பெற்றுத் தந்தார். 1927இல் வெளிவந்த 'தி கலஹான்ஸ் அண்ட் தி மர்ஃபிஸ்' என்பது அப்படம். கெட்ட காலம் அத்துடன் முடிந்துவிடவில்லை. தம் இனத்தாரை அப்படம் இழிவாகக் காட்டுகிறது என்று அமெரிக்காவில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் கிளர்ந்தெழ, படத்தைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆயினும் கதவு திறந்துவிட்டது. அம்மையார் சிறு வேடங்களை ஏற்றுக் காத்திருந்தார்.

அவ்வேளையில் திரைப்படத் தொழிலே தலைகீழாக மாறிற்று. படங்கள் பேசத் தொடங்கின. அழகிய முகங்கள் பல, குரல் இன்மையால் மங்கின. வாரத்திற்கு வாரம் புது வசனத்தை மனப்பாடம் செய்து, ஒலிபெருக்கியில்லாத அரங்குகளில் கடைசி இருக்கை வரை கேட்கும்படி நாற்பதாண்டுகளுக்கு மேல் பேசிப் பழகிய குரல் ஒன்று காத்துக்கொண்டிருந்தது. 1930இல், யூஜின் ஓநீலின் 'அன்னா கிறிஸ்டி' நாடகம் படமாயிற்று. கிரேட்டா கார்போ முதன்முதலில் பேசிய படம் என்று உலகமே அதை எதிர்பார்த்தது. அதில் துறைமுகத்தில் குடியும் வறுமையுமாகக் கிடக்கும் மார்த்தி என்ற கிழவி வேடத்திற்கு டிரெஸ்லரே வேண்டும் என்று மாரியன் வற்புறுத்தினார். கார்போவின் குரலைக் கேட்க வந்தவர்கள், அக்கிழவியின் முகத்தையும் மனத்தில் சுமந்து வீடு திரும்பினார்கள். சோக நாடகத்தில் நடிக்க வேண்டும் என்று இளமையில் கொண்ட ஆசை, அறுபத்தோராம் வயதில் இவ்வாறு நிறைவேறிற்று.

அதே 1930இல் 'மின் அண்ட் பில்' என்ற படம் வந்தது. திரைக்கதை எழுதியவர்களுள் மாரியனும் ஒருவர். துறைமுக விடுதி நடத்தும் மின் என்ற முரட்டுக் கிழவி, பெற்ற தாயே கைவிட்ட ஒரு பெண்ணை வளர்க்கிறாள். அப்பெண்ணின் நல்வாழ்வைக் கெடுக்க அந்தத் தாய் திரும்பி வந்தபோது, அதைத் தடுக்க மின் கொலைகாரியாகிறாள். இறுதிக் காட்சியில், மணமகளாகிய அப்பெண் கப்பலில் புறப்படுகிறாள். எதையும் அவள் அறியாள். கரையில் நிற்கும் மின், பிடிபட்டுச் செல்லும்போது அக்கப்பலை நோக்குகிறாள். அம்முகத்தில் ஒரு புன்னகை மலர்கிறது. சிறுவயதில் கேலிக்கு ஆளான அதே முகந்தான் அது. அழகிய முகம் எதுவும் சொல்லியிருக்க முடியாத செய்தியை அன்று அது சொல்லிற்று.

அந்நடிப்புக்காக 1931 நவம்பர் 10ஆம் நாள் சிறந்த நடிகைக்கான அகாதமி விருது அவருக்கு வழங்கப்பெற்றது. அதற்கு முந்தைய நாளில்தான் அவருக்கு அறுபத்துமூன்று வயது நிறைந்திருந்தது. இங்கே இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. அதற்கு முன் இரண்டு முறை இவ்விருதைப் பெற்றவர்கள் டொராண்டோவில் பிறந்த மேரி பிக்ஃபோர்டும், மான்ட்ரியாலில் பிறந்த நார்மா ஷியரரும் ஆவர். இவ்வாறு மூன்று விருதுகளையும் தொடர்ந்து கனடாவின் பெண்மக்களே பெற்றனர்.

1932இலும் 1933இலும் அமெரிக்கத் திரையரங்க உரிமையாளர்களிடம், 'மிகுதியான மக்களை ஈர்க்கும் நடிகர் யார்?' என்று கேட்டு எடுத்த கணிப்பில் முதலிடம் பெற்றவர் எந்த இளம் அழகியும் அல்லர், மேரி டிரெஸ்லரே. காரணம் என்ன? 1929இல் பங்குச் சந்தை சரிந்த பிறகு இலட்சக்கணக்கானோர் வேலை இழந்து தவித்த காலம் அது. விழுந்து, எழுந்து, அடிபட்டும் சிரிக்கும் ஒரு முகத்தில் மக்கள் தம்மையே கண்டனர். 1933இல் வந்த 'டின்னர் அட் எயிட்' படத்தின் இறுதியில், படிப்பு வாசனையே இல்லாத ஓர் இளம்பெண் தான் ஒரு புத்தகம் படித்ததாகச் சொல்கிறாள். உடன் நடக்கும் முதியவளாகிய டிரெஸ்லர் திடுக்கிட்டு, நடை தடுமாறி நிற்கிறார். ஒரு சொல்லும் பேசாத அந்த ஒரு கணத்திற்கு அரங்கம் முழுவதும் நகைக்கும். ஐந்து வயதில் தொடங்கிய பயிற்சியின் கனி அது.

அப்போதே புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. நாளுக்குச் சில மணி நேரமே படப்பிடிப்பு என்று வரையறுத்துக்கொண்டு உழைத்தார். 1934 ஜூலை 28ஆம் நாள், கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில், அறுபத்தைந்தாம் வயதில் மறைந்தார். தம் சொத்தில் பெரும்பகுதியைத் தமக்கைக்கு எழுதிவைத்த அவர், இருபது ஆண்டுகள் தம் இல்லத்தில் பணிபுரிந்த பெண்மணிக்கு 35,000 டாலரும் தம் மோட்டார் வண்டியும் கிடைக்குமாறு செய்திருந்தார். இறுதி ஏட்டிலும் பின்வரிசையை அவர் மறக்கவில்லை. கோபர்க்கில் அவர் பிறந்த சிறு வீடு இன்று நினைவில்லமாகத் திகழ்கிறது. 2008இல் கனடா அரசின் அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

மாணவச் செல்வங்களே, முடிக்கும் முன் என்னுடைய பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் அரசி வேடம் கேட்டு ஒரு மாணவி வந்தாள். பருத்த உடலினள். குரல் கணீரென்று இருந்தது. நானோ, 'நீ திரை இழுக்கும் வேலையைப் பார்த்துக்கொள், அம்மா' என்றேன். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விழா நாளில் கயிற்றைப் பிடித்தபடி, அரசியின் வசனம் முழுவதையும் அவள் உதடுகள் ஓசையின்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்துத் தேர்ந்தவன் நான். அந்தச் சிரிப்பின் பொருளை அப்போது அறிந்தேன் இல்லை. டிரெஸ்லர் அம்மையாரின் வரலாற்றைப் படித்த போதெல்லாம் அந்த உதடுகளே என் கண்முன் நிற்கின்றன.

உங்கள் வகுப்பிலும் திரைக் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் நிற்கக்கூடும். அவரைத் தேடிப் பாருங்கள். நாளை உங்களில் யாரேனும் முன்வரிசைக்கு உயர்ந்தால், பின்வரிசையில் நின்ற நாட்களை மறவாதிருங்கள். 1911இல் ஓர் இளம்பெண்ணுக்குக் காட்டிய அன்பு, 1927இல் கதவைத் தட்டி உள்ளே வந்தது. எந்த அன்பு எப்போது திரும்பி வரும் என்று கணக்கிட்டு யாரும் செய்ய இயலாது. செய்து வைப்பது ஒன்றே நம் கடமை. என்னைப் போல் ஓய்வு பெற்று, பொன்னாடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்ட பெரியவர்கள் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் ஒரு சொல்: நம் ஏட்டில் இன்னும் எழுதாத பக்கங்கள் உள்ளன.